மாப்பிள்ளையின் முழங்கால்

சேர்மன் செருபிரிக்கு முழங்கால் மடங்காது. நோய் ஒன்றுமில்லை, கௌரவம்தான். கம்பாலாவில் தன் தெருக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மொத்தம் ஒன்பது வீடுகள். ஆனாலும் மனைவி கெம்பபாசிகூட அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிட வேண்டும். தினமும் காலையில் மண்டியிட்டு வணக்கமும் சொல்ல வேண்டும், அது அவர் பக்கத்து வழக்கம்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது கிறிஸ்துமஸ். கல்யாணமானதிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்கும் அவள் பிறந்த வீட்டுக்குப் போனதில்லை, எல்லாம் அவருடைய சொந்த ஊரான மசாக்காவில்தான். கபாலே மலைமேல் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கார் போகாது. சேர்மன் நடக்க மாட்டார்.

கல்லூரி விடுமுறையில் வந்த மகள் நபுக்கேரா, "புவிண்டிக் காட்டுக்குப் போய் கொரில்லா பார்க்கலாம்பா, ஆனா மலை ஏறணும்" என்றாள்.

"மலையா? ஓடியே ஏறுவேன்!"

கெம்பபாசி அந்த வார்த்தையைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "உங்களைத் தூக்கிட்டு வர்ற மாதிரி ஆச்சுன்னா, இந்தக் கிறிஸ்துமஸ் எங்கம்மா வீட்டுல."

"நடந்தே திரும்பிட்டேன்னா? அந்தக் கிழங்கு தின்னுற ஊர்ப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"சரி" என்றாள்.

காட்டு வாசலில் பின்னல் டோலியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு ஹெலிகாப்டர் என்று பெயர். கெம்பபாசி அவர்கள் பாஷையில் குசலம் விசாரித்ததும் முகங்கள் மலர்ந்தன.

"நம்ம ஊர்ப் பொண்ணா! அப்ப இவரு மாப்பிள்ளையா? மாப்பிள்ளை, ஏறிக்கிறீங்களா?"

"அதெல்லாம் கிழடுகளுக்கு" என்று புதுத் தொப்பியைச் சரிசெய்தபடி சேர்மன் நடந்தார். டோலிக்காரர்கள் அவர் தொந்தியை ஒரு தடவை பார்த்துவிட்டு, டோலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

ஏற்றத்தில் சேர்மனுக்குத் திடீரென்று பறவைகள்மேல் ஆசை வந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்க, "அதோ பாருங்க, அபூர்வப் பறவை" என்றார்.

"அது இலைங்க ஐயா" என்றாள் வழிகாட்டி கமுசீமே.

எப்படியோ ஏறிவிட்டார். கெம்பபாசிக்கு நெஞ்சில் கல்லை வைத்தாற்போல இருந்தது.

புதருக்கு அப்பால் கொரில்லாக் கூட்டத்தைக் கண்டதும் கல் கரைந்தது. இரண்டு குட்டிகள் ஒன்றையொன்று காலைப் பிடித்து இழுத்து உருண்டன. தாய் ஒன்று தண்டை உரித்து நிதானமாக மென்றது. நடுவில், முதுகு நரைத்த தலைவன் தொந்தியின்மேல் கை கட்டி உட்கார்ந்திருந்தது.

"அப்படியே சங்கக் கூட்டத்துல அப்பா" என்று, கொரில்லாக்களுக்கு நோய் தொற்றாமலிருக்க எல்லாரும் கட்டியிருந்த முகக்கவசத்துக்குள் சிரித்தாள் நபுக்கேரா.

"கண்ணைப் பார்க்காதீங்க. கிட்ட ஓடி வந்தா, தலையைக் குனிஞ்சு உட்கார்ந்துடுங்க" என்றாள் கமுசீமே.

"ஒரு தலைவனுக்கு இன்னொரு தலைவனைத் தெரியும்" என்ற சேர்மன் நெஞ்சை நிமிர்த்தி அதை உற்றுப் பார்த்தார்.

அது எழுந்தது. மார்பில் படபடவென்று அறைந்தது. செடிகள் முறிய ஓடி வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். சேர்மனோ இரண்டு முழங்காலும் மண்ணில் பட விழுந்து, நெற்றியால் பூமியைத் தொட்டார்.

அவருக்கு எட்டடி முன்னால் அது நின்றது. ஒரு இலையைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோலத் திரும்பிப் போனது.

கெம்பபாசி குனிந்து கிசுகிசுத்தாள்: "நல்லா வருது உங்களுக்கு. நாளைக்குக் காலையில எனக்கும் இப்படி ஒரு வணக்கம் சொல்லுங்க."

எல்லாரும் எழுந்தார்கள். சேர்மன் எழவில்லை.

"என்னங்க?"

"முழங்கால்" என்றார் மண்ணைப் பார்த்தபடி. "பிடிச்சுக்கிச்சு."

இத்தனை வருடம் மடங்காதது மடங்கிவிட்டது, இனி நிமிர மறுத்தது. கெம்பபாசி கையைத் தட்டி டோலிக்காரர்களை அழைத்த அழைப்பில் குட்டிகளே திரும்பிப் பார்த்தன.

ஆட்கள் பாடிக்கொண்டே இறங்கினார்கள். "மாப்பிள்ளை கனமான மாப்பிள்ளை" என்று ஒருவன் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாட, கெம்பபாசி அந்த மெட்டுக்கு ஆடிக்கொண்டே முன்னால் நடந்தாள். முதல் வளைவு வரை சேர்மன் தொப்பியால் முகத்தை மூடியிருந்தார். இரண்டாம் வளைவில் தொப்பி விலகியது. மூன்றாம் வளைவில், கிழங்குத் தோட்டத்தில் நின்ற பெண்களுக்குக் கையசைத்தார்.

"எங்க ராஜாக்களைக்கூட அந்தக் காலத்துல தோள்லதான் சுமந்தாங்க" என்று மகளுக்கு விளக்கினார்.

"ராஜாவோ கூஜாவோ, கிறிஸ்துமஸ் எங்க வீட்டுல" என்றாள் கெம்பபாசி.

சேர்மன் டோலிக்காரன் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்ப்பா, கபாலேக்கும் நீங்களே வருவீங்களா?"