ஒரு வரி

பேங்க் மேனேஜர் கடன் இல்லையென்று சொல்லவில்லை. இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்.

தபீதாள் திருப்பதியில் கேக் செய்து விற்கிறவள். வளைகுடாச் சண்டை முடிந்த மறுவருடம் குவைத்துக்குப் போய், ஒரு பெரிய வீட்டு அடுப்படியில் பன்னிரண்டு வருடம் இருந்தாள். கேக் அங்கே கற்றது. திரும்பி வந்த இரண்டு வருடமாக அண்ணன் வீட்டு மாடியில் சின்ன ஓவன் ஒன்றை வைத்துக்கொண்டு பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்து கொடுக்கிறாள். பெரிய ஓவன் வந்தால் பேக்கரிகளுக்கே போடலாம். அதற்குத்தான் கடன்.

மாடி என்றால் அவளுடைய மாடிதான். "கீழ நாங்க, மேல நீ" என்று வீடு கட்டும்போதே அண்ணன் சாந்தகுமார் போனில் சொல்லிவிட்டார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். சபையில் காணிக்கை எண்ணுகிறவர். குவைத்திலிருந்து அவள் அவருக்குத்தான் பணம் அனுப்பினாள், ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து. பேங்கில் போட்டால் நாளாகும் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் சொன்னால் சரி. பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ரிட்டயர் ஆனதும் மாடியை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவளும் கேட்டு நச்சரித்ததில்லை.

சித்தூரில் கோர்ட்டுக்குப் பின்னால் அண்ணனின் ஆடிட்டர் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்லாமலே பஸ் ஏறினாள். கடன் கைக்கு வந்ததும் சொல்லி அசத்தலாம்.

ஆடிட்டர் நாகபூஷணம் தெலுங்குக்காரர். தமிழும் அதே வேகத்தில் பேசுவார்.

"கூர்ச்சோம்மா, ஒக்காருங்க. சாந்தகுமார் சார் தங்கச்சியா? வந்ததும் சொல்றதில்லையா?" டீ வரவழைத்தார். "உங்க அண்ணன் மாதிரி இன்னொரு பார்ட்டி எனக்குக் கிடையாது. எல்லாரும் ஒளிச்சி வெக்கத்தான் என்கிட்ட வராங்க. இவர் டியூஷன் வருமானத்தை ஒரு பைசா வுடாம காட்டி வரி கட்டறார்."

"டியூஷனா?"

"அதுலதானே வீடே கட்டினார்."

தபீதாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கண்ணனா? ஸ்கூல்ல மணி அடிச்சிட்டா புள்ளைங்க மூஞ்சியப் பாக்க மாட்டாரு சார். சொந்தப் புள்ளைக்கே கணக்கு சொல்லித் தர்ல. நீங்க வேற யாரையோ நெனச்சிகினு பேசறீங்க."

நாகபூஷணம் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து அண்ணனின் ரிட்டர்ன் தாள்களை எடுத்துப் பிரித்து, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

சம்பளம் ஒரு வரிசை. டியூஷன் ஒரு வரிசை. அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். குவைத்தில் அவளுக்குச் சம்பளம் கூட்டிய வருடங்களில் டியூஷனும் கூடியிருந்தது. எஜமானி தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு அள்ளிக் கொடுத்த வருடம் அண்ணனிடம் எக்கச்சக்கமான பிள்ளைகள் படித்திருந்தார்கள். காய்ச்சலில் விழுந்து அவள் பணம் அனுப்பாத வருடம் ஒரு பிள்ளையும் வரவில்லை.

"இது நான் குவைத்துலேந்து அனுப்புனது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அனுப்பினதா? அப்போ இதுக்கு டாக்ஸே கிடையாதும்மா. கூடப்பொறந்தவ வெளிநாட்டுல சம்பாதிச்சி அனுப்பினதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா போதும். ஒரே ஒரு வரி."

அந்த ஒரு வரியை எழுதாமல் இருக்கத்தான் அண்ணன் இத்தனை வருடம் வரி கட்டியிருந்தார்.

"போன வருஷத்துலேந்து மாடி வாடகை வேற காட்டறார்," என்றவர் அண்ணன் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைத் தேடி எடுத்தார். "குடித்தனம் இருக்கறவங்க..." என்று படிக்க ஆரம்பித்து நிறுத்தினார். சீட்டை அவளிடமே நீட்டினார்.

அவள் பெயர்தான் இருந்தது. மாதம் பிறந்ததும் அரிசி பருப்புக்கென்று அண்ணி கையில் அவள் கொடுக்கிற பணம்தான் வாடகையாகியிருந்தது.

அவள் வீடு திரும்பியபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி அவளுக்கும் தட்டு வைத்தாள். "வெயில்ல எங்க போய்ட்டு வர? ஒக்காந்து துன்னு."

தபீதாள் நின்றபடியே கேட்டாள். "அண்ணே, நீ எத்தினி புள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்த?"

கை தட்டில் நின்றது. "நாகபூஷணத்துகிட்ட போனியா?"

"எத்தினி புள்ளைங்க?"

"வீடு கட்டச்சொல்ல துட்டு ஏதுன்னு கேப்பாங்க தபீ. ஆள் கையில வந்த பணம். ரசீதா இருக்குது காட்டறதுக்கு?"

"ஆள் கையில குடுக்கச் சொன்னது நீதானே?"

"மெதுவா பேசு," என்றாள் அண்ணி. "பக்கத்து வூட்டுல கேக்கப் போவுது."

"நான் அனுப்புனேன்னு எழுதினா வரியே இல்லியாமே. கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாதா?"

தெரியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தாள். சொல்லியிருந்தால் நம்பவும் நம்பியிருப்பாள்.

"தெரியும்," என்றார் அண்ணன். தண்ணீர் குடித்தார். "நான் ஒண்ணும் சும்மா என் பேர்ல எழுதிக்கல. என் கைக்காசப் போட்டு வரி கட்டியிருக்கேன். ஒரு வருஷம் தவறல. கவர்மென்ட்டே ஒத்துகினு இருக்குது."

கடையில் விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிப் பேசுகிற குரல்.

"அப்ப மாடி?"

"இரேன். உன்ன யாரு இப்ப போவச் சொன்னாங்க?"

அந்த "இரேன்" கேட்டதும் அவள் மாடிப்படி ஏறினாள். தட்டு அப்படியே இருந்தது.

மறுபடி சித்தூருக்குப் போனாள். நாகபூஷணம் கேக் கணக்கை ஒரே தாளில் முடித்தார். மாவு, முட்டை, வெண்ணெய், கரண்டு.

"வாடகையைச் செலவுல போட்டா உங்களுக்கு டாக்ஸ் வராதும்மா. அண்ணனும் அங்க வருமானமா காட்டியிருக்கார். ரெண்டும் பொருந்திடும். லோனும் சட்டுனு வரும்."

"வாடகை போடாதீங்க."

"அப்ப டாக்ஸ் கட்டணும்."

"கட்டறேன்."

"வாடகையில்ல, பத்திரமும் இல்ல. யார் எடத்துல ஓவன் வெக்கப் போறீங்கன்னு பேங்க்ல கேப்பாங்கம்மா. லோன் தர மாட்டாங்க."

"கேக்கட்டும் சார். வாடகைன்னு மட்டும் எழுதாதீங்க."

அவர் வாடகை இல்லாமலே எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டு, பேங்கில் வரியைக் கட்டினாள். கடன் வரவில்லை.

மாதம் பிறந்தது. அண்ணி வழக்கம்போல பணத்துக்காக மாடிப்படியடியில் வந்து நின்றாள். தபீதாள் ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்கி, இழுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தாள்.

"இன்னா தபீ இது?"

"அரிசி, அண்ணி. பருப்பு பையில இருக்குது."