இரண்டு கையால் பேசியவள்

வட கரோலினாவில் அப்போது காது கேளாத பிள்ளைகளுக்கும் இரண்டு பள்ளிக்கூடங்கள். மலைப்பக்கம் வெள்ளையருக்கு ஒன்று, ராலேயில் கறுப்பருக்கு ஒன்று. காதே கேட்காதவர்களுக்குள் என்ன வெள்ளை கறுப்பு என்று சின்ன வயதில் நான் கேட்டதற்கு அப்பா முறைத்தார். கர்த்தர் வைத்த ஒழுங்கு என்றார் போதகர். கர்த்தருக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

இரண்டு பள்ளிகளிலும் கைப்பேச்சு வேறு வேறு. என் அக்கா வெர்னா படித்த இடத்தில் ஒரே கையால், நெஞ்சுக்கு நேரே, அடக்கமாகப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கறுப்பர் பள்ளியில் இரண்டு கையும் பேசும், நெற்றி வரை ஏறும். அப்பாவின் பூட்ஸைத் தைக்கக் கொடுத்த கடையில் வேலை செய்த கறுப்பர் எஸ்ரா பேசியது அப்படித்தான். அவருக்கும் பிறவியிலிருந்து காது கேட்காது. முதல் நாள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரிந்ததாம். மீதியைப் புரிந்துகொள்ளவென்றே அக்கா வாரம் தவறாமல் போனாள். எங்கள் வீட்டில் அத்தனை செருப்பு பிய்ந்த வருஷம் அந்த ஐம்பத்தாறுதான்.

அவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் எங்கள் மாகாணத்தில் ஜெயில். வாஷிங்டனில் செல்லும். செவ்வாய்க்கிழமை ஒரு பஸ்ஸில் அவர், அடுத்த பஸ்ஸில் அக்கா என்று முடிவு செய்திருந்தார்கள். என்னிடம் மட்டும் சொன்னாள். நான் அழுதுகொண்டே அவளுக்குப் பெட்டி கட்டினேன்.

முந்தைய சனிக்கிழமை சர்ச் கீழறையில், அவள் பள்ளியில் படித்தவர்களின் விருந்து. எல்லோரையும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போகாமலே இருந்திருக்கலாம். சாப்பிட்டு முடித்ததும், போதகர் தொப்பியை நாய் கவ்விக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னாள். சந்தோஷத்தில் அவளை அறியாமல் இரண்டு கையும் எழுந்தன. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கூடப் படித்த கார்லண்ட் எழுந்து, கையால் கேட்டார்.

“இந்தப் பேச்சு உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு, வெர்னா?”

“தெரியாது” என்றாள். கன்னத்தருகே காட்ட வேண்டியதை எஸ்ரா மாதிரியே நெற்றியில் காட்டினாள். எங்கள் ஊரில் அப்படிப் பேசுபவர் எஸ்ரா ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊராரால் ஊமை என்று கேலி செய்யப்பட்ட கூட்டம்தான் அது. அவர்களுக்கும் ஏளனம் செய்ய ஆள் வேண்டியிருந்தது. கார்லண்டின் மனைவிக்குக் காது கேட்கும். அவள், எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் ஓதினாள்.

திங்கட்கிழமை காலை எஸ்ராவைக் கடையிலிருந்து இழுத்து வந்தார்கள். அப்பா அக்காவை எங்கள் மளிகைக் கடை மாடியில் வைத்துப் பூட்டியிருந்தார். நான் தெருவுக்கு ஓடினேன். எஸ்ராவின் கைகளைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்டியிருந்தார்கள்.

“வெள்ளைக்காரப் பொண்ணுகிட்ட உனக்கென்னடா வேலைன்னு கேட்டா, வாயே தொறக்க மாட்டேங்குறான். கொழுப்பப் பாரு,” என்றார் ஷெரிஃப்.

“அவருக்குக் காது கேக்காது சார். கைய அவுத்து விடுங்க, பேசுவாரு.”

“அவரா?” என்று சிரித்தார். “வீட்டுக்குப் போம்மா. உங்கப்பன் மானம் ஏற்கெனவே சந்தி சிரிக்குது.”

மாடி ஜன்னலில் அக்கா நின்றாள். தெருவே பார்க்க, இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் கேட்டாள்.

“நான் காத்திருக்கட்டுமா? வருவீங்களா?”

எஸ்ரா அண்ணாந்து பார்த்தார். தோள்கள் இரண்டும் துடித்தன. அவர் தலையைப் பிடித்து அழுத்திக் காருக்குள் தள்ளினார்கள். சாலை போடும் கைதிகளோடு எங்கோ கொண்டுபோனதாகச் சொன்னார்கள். அவரை அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் அப்பா பூட்டைத் திறந்ததும் அக்கா அழவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நீ கிட்டத்துலதானே நின்ன? அவர் தோள் துடிச்சுது, முதுகுக்குப் பின்னால கை பேசியிருக்கும். என்ன சொன்னாரு?”

எனக்குத் தெரியாது. நான் அவருக்கு முன்னால் நின்றிருந்தேன்.