பூஜைக்கு முன் அளந்தவை

திரும்பி வந்த இருநூறு பம்ப் உறைகளும் தரப்பிரிவு வாசலில் அடுக்கிக் கிடந்தன. குருசித்தப்பா ஹுக்கேரி அவற்றைப் பார்க்காமல் மேலாளரின் அறைக்குள் போனார். உத்யம்பாக் தொழிற்பேட்டையில் இந்தப் பட்டறைக்குத் தலைமை ஆய்வாளராக அவர் உட்கார்ந்து எத்தனையோ வருஷம். அவர் சரி என்று விட்ட உருப்படி ஒன்றுகூட பெலகாவியைத் தாண்டிப் போய்த் திரும்பியதில்லை.

உள்ளே அவர் தம்பி சங்கமேஷ் முன்னமே நின்றுகொண்டிருந்தான். அப்பா போனபின் அவர் படிக்கவைத்த தம்பி. கணினியில் அளவெடுக்கும் இயந்திரம் அந்தப் பட்டறையில் அவன் சொன்னதைத்தான் கேட்கும். தார்வாட் புது ஆலைக்குத் தரப்பிரிவுத் தலைவராக அவன் பெயர் போயிருந்தது. உத்தரவு இந்த வாரம் வரவேண்டும்.

"துளை எல்லாம் சின்னதா இருக்காம் ஹுக்கேரி. பேரிங் உள்ள போகலை," என்றார் மேலாளர் ஜோகலேகர். "முடி கனத்துல கால்வாசிதான் வித்தியாசம். ஆனா ரிப்போர்ட்ல எல்லாம் சரின்னு இருக்கு. ஒப்புதல் உங்க பேர்ல."

குருசித்தப்பா அந்தத் திரையைத் தொட்டதே இல்லை. இயந்திரம் வந்த அன்றே கடவுச்சொல்லைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

"பத்து நாள் பக்கத்துல உக்காந்தா உங்களுக்கும் வந்துரும்ணா," என்று அவன் அப்போது சொல்லிப் பார்த்தான்.

"இத்தனை வருஷம் அளந்தவன் உன்கிட்ட உக்காந்து அரிச்சுவடி படிக்கணுமாடா?"

"அப்ப நான் மட்டும் எதுக்கு உங்கள மாதிரி இரும்பைத் தடவிக்கிட்டு நிக்கணும்? அது என்ன கன்னுக்குட்டியா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குள் தைத்துக்கொண்டது.

இந்த உறைகளை அனுப்பிய ஆயுத பூஜை அன்று காலை அவருடைய அளவுக்கருவிகள் எல்லாம் துடைத்து, பூச்சூட்டி, பூஜை மேடைக்குப் போய்விட்டன. பூஜை முடிந்தால் அன்றைக்கு எந்தக் கருவியையும் வேலைக்குத் தொடக்கூடாது. லாரியோ சாயங்காலம் கிளம்பவேண்டும். வழக்கமாக நாலு மணி நேரம் குளிர் அறையில் ஆறவேண்டிய உறைகளை, கடைந்த கையோடு சங்கமேஷ் அளந்துகொண்டிருந்தான். குருசித்தப்பா விபூதித் தட்டோடு வந்து முதல் உறையில் மூன்று விரலால் பட்டை இழுத்தார். கல்லிலிருந்து எடுத்து வைத்த ஜோள ரொட்டிபோல அது வெதுவெதுவென்று இருந்தது.

சூட்டில் இரும்பு விரியும். ஆறினால் துளை சுருங்கும். இது இயந்திரத்துக்குத் தெரியுமா? கேட்க வாயெடுத்தார். சுற்றி நாலு கடைசல்காரர்கள் நின்றார்கள்.

"நேரம் ஆகுது, முடிச்சிட்டு வா," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இப்போது சங்கமேஷ் மேலாளரிடம் சொன்னான்: "அளந்தது நான் சார். அண்ணன் பேர்ல ஒப்புதல் போட்டதும் நான்தான். உருப்படி சூடா இருந்தும், இயந்திரத்துல அதோட வெப்பம் இருபதுன்னு இருந்ததை மாத்தாம விட்டுட்டேன். அண்ணன் பூஜை வேலையா இருந்தார். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

ஜோகலேகர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உங்க பேருக்குப் பழுது இல்லை ஹுக்கேரி. நீங்க போகலாம்."

அவர் போகவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுத்துக் காப்பாற்றிய பெயர், ஹுக்கேரி வீட்டுப் பெயர் ஆகாது.

"எனக்குத் தெரியும் சார். கையில சூடு பட்டுச்சு. பேசாம வந்துட்டேன். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் என் தப்பு. என் பேரையே எழுதிக்குங்க."

சங்கமேஷ் முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தான்.

ஜோகலேகர் பேனாவை மறுபடி எடுத்தார். குருசித்தப்பாவிடம் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். தம்பியின் வேலை தப்பியது. தார்வாடுக்கு மட்டும் வேறொருவர் பெயரை அனுப்பப்போவதாகச் சொன்னார். அடுத்தவர் கடவுச்சொல்லில் ஒப்புதல் போட்டவனை அங்கே உட்காரவைக்க அவரால் முடியாது.

வெளியே வந்ததும் சங்கமேஷ் நின்றான்.

"தார்வாட் போனா போகட்டும். அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க உங்களுக்கு அவ்வளவு கஷ்டமாண்ணா?"

"நீ சிரிச்சிருப்பே."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சிக்கிட்டே வெப்பத்தை மாத்தியிருப்பேன்."

அவர் தோள்துண்டைச் சரிசெய்தார்.

"இருநூறையும் மறுபடி அளக்கணும்," என்று சொல்லிவிட்டு அவன் அளவெடுக்கும் அறைக்குள் போனான்.

கண்ணாடிக்கு அப்பால் திரை வெளிச்சமாயிற்று. அவன் ஓர் உறையைத் தூக்கி இயந்திரத்தின் மேடைமேல் வைத்தான். வைக்குமுன் ஒரு கணம் உள்ளங்கையை அதன்மேல் பதித்துப் பார்த்தான். ஆறிய இரும்பு அவனுக்கு என்ன சொல்லிற்றோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, திரையில் என்ன தெரிகிறது என்று கேட்கலாம் என்று குருசித்தப்பாவுக்குத் தோன்றியது. கதவுப்பிடிவரை கை போனது. உள்ளே கடைசல்காரர்கள் இரண்டுபேர் நின்றிருந்தார்கள்.

அவர் திரும்பி, வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தார்.