தெரியாத நம்பர்

எங்கள் கட்சி அலுவலகம் என் ஜெராக்ஸ் கடையின் பின்னறைதான். பலகை கிடையாது, கொடி கிடையாது. யாராவது கேட்டால் புத்தகம் பைண்டிங் செய்கிற அறை என்று சொல்வோம். ஊரில் வேறு யாரும் எங்களுக்கு இடம் தரவில்லை. கேட்ட வீட்டிலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, "உங்களுக்குத்தான் என் ஓட்டு, இடம் மட்டும் கேக்காதீங்க" என்று காதோடு காதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதனால் பேப்பர் கட்டுகளையும் காலி டோனர் டப்பாக்களையும் சுவரோரம் அடுக்கிவிட்டு, ஒரு மேசையும் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டுக்கொண்டோம்.

அந்த நாற்காலி ஒன்றில்தான் அன்று காலை தலைமையிலிருந்து வந்த வக்கீல் உட்கார்ந்திருந்தார். எங்கள் தொகுதியில் கட்சி நிற்பதா, இல்லை கூட்டணிக் கட்சிக்குத் தள்ளிவிடுவதா என்று பார்த்துச் சொல்ல அனுப்பப்பட்டவர். நல்ல மனிதர்தான். ஆனால் பின்பக்கச் சந்து வழியாக வந்தார்.

"இந்தத் தொகுதி தேறாதுக்கா" என்றார், லேப்டாப்பை என் பக்கம் திருப்பி. "போன்ல சர்வே எடுத்துட்டோம். நூத்துக்கு எழுபத்தஞ்சு பேர் இப்ப இருக்கறவருக்குத்தான் போடுவோம்னு சொல்றாங்க. உங்க தங்கச்சியை நிறுத்தினா டெபாசிட்கூட மிஞ்சாது. சாயங்காலத்துக்குள்ள நான் மேல பதில் சொல்லணும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் தங்கை அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். அரசு வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. "நீதான் வேட்பாளர், தைரியமா வா" என்று இதே தலைமை சொன்னதை நம்பி, போன மாதம் ராஜினாமா செய்துவிட்டு வந்தாள். அறிவிப்பு வரும்வரை மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. அதனால் குடும்பக் காரணம் என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது சீட்டும் இல்லையென்றால் அவள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். வாக்குக் கொடுத்த வாய்களுக்கு என்ன, அவை அடுத்த தொகுதியில் போய்ப் பேசிக்கொண்டிருக்கும்.

இப்போது இருப்பவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை ஜெயித்தவர். ஊருக்கெல்லாம் அவர் அண்ணன். என் வீட்டுக்குள் அவருக்குப் பெயர் பசை. நாற்காலியோடு அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அவருக்குக் கவலை இல்லை. யார் மனதில் என்ன இருக்கிறது என்பதில்தான் கவலை. அதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார். தெரியாத நம்பரிலிருந்து போன் வரும். "உங்க ஓட்டு யாருக்குங்க?" என்று தேன் ஒழுகக் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறை வெள்ளந்தியாக, "இன்னும் யோசிக்கலைங்க" என்று சொல்லித் தொலைத்தார். அந்த வாரமே மீட்டரில் கோளாறு என்று கடையின் கரண்டைப் பிடுங்கினார்கள். கரண்ட் இல்லாத ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஈ ஓட்டினோம். பஸ் டிரைவர் ஒருவர் வேறு கட்சியின் பெயரைச் சொன்னார். அவரை வீட்டுக்கு வந்து போக முடியாத தூரத்து டிப்போவுக்குத் தூக்கி அடித்தார்கள். அதோடு ஊரே பாடம் படித்துக்கொண்டது. தெரியாத நம்பர் என்றால் இப்போது சின்னக் குழந்தைகூட முதலில் "அண்ணனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஹலோ சொல்லும்.

இப்படிப்பட்ட ஊரில் போய், தெரியாத நம்பரிலிருந்து போன் போட்டு, ஜனங்களின் மனதைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள் எங்கள் தலைமையின் புத்திசாலிகள். இதற்குப் பசையின் ஆட்களிடமே நேராகக் கேட்டிருக்கலாம். போன் செலவாவது மிஞ்சியிருக்கும்.

இதையெல்லாம் வக்கீலிடம் கொட்டித் தீர்த்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது பொய்னு சொல்லலக்கா. ஆனா தோக்கற தொகுதி எல்லாத்துலயும் இதையேதான் சொல்றாங்க. ஜனங்க மனசுல நாமதான் இருக்கோம், பயத்துல வெளிய சொல்லலன்னு. சரி, போன்லயே பயப்படறவங்க நம்ம கூட்டத்துக்கு வருவாங்களா? பூத்ல ஏஜென்ட்டா உக்காருவாங்களா? வாய்விட்டுச் சொல்ற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. நான் மேல சண்டை போடறேன்."

ஒரே ஒரு ஆளா? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முன்கடையில் மெஷினை ஓட்டிக்கொண்டு என் தங்கை இருந்தாள். வக்கீல் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. நல்ல முடிவு வந்தபிறகு சொல்லலாம் என்று நான்தான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"என் தங்கச்சிக்கே போடுங்க. சர்வேக்காரங்க மாதிரியே கேளுங்க. இந்த ரூம்ல அவ பேசி நீங்க கேட்டதில்லையே. பொரிஞ்சு தள்ளுவா" என்று நம்பரைச் சொன்னேன்.

வக்கீல் ஸ்பீக்கரில் போட்டார். மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"ஒரு சின்ன கருத்துக் கணிப்பும்மா. வர்ற தேர்தல்ல உங்க ஓட்டு யாருக்கு?"

அவள் யோசிக்கவே இல்லை. "அண்ணனுக்குத்தாங்க. எங்க வீட்ல எல்லாருமே அண்ணனுக்குத்தான். ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்களே எங்க அக்கா, அவங்களும்தான். அவங்க கடையை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

போனை வைத்துவிட்டாள். வக்கீல் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "வேட்பாளரே இப்படின்னா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள்மீது கோபம் வரவில்லை. தேர்தலில் நிற்கப் போகிற பெண், என் கடைக்காக முகம் தெரியாத ஒருவனிடம் கெஞ்சுகிறாள். எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்து வைத்தவன்மீதுதான் கோபம் வந்தது. அந்த எழுபத்தைந்தில் அவளும் ஒருத்தி. நானும்தான் ஒருத்தி, மறைப்பானேன்.

எழுந்து முன்கடைக்குப் போனேன். நான்கைந்து பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"போன்ல யாருடி?"

"எப்பவும் வர்றதுதான்க்கா. சொல்லிட்டேன்." கை பாட்டுக்குப் பேப்பரைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தது.

"அது அவங்க ஆளு இல்ல. நம்ம தலைமையில இருந்து வந்தவரு. பின்னாடிதான் உக்காந்திருக்காரு" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் கை நின்றது. பிறகு மெஷினை அணைத்துவிட்டு, போனை எடுத்து அதே நம்பருக்குப் போட்டாள். பின்னறையில் மணி அடித்தது எல்லோருக்கும் கேட்டது.

"இப்பப் பேசினவதாங்க" என்றாள், குரலைத் தாழ்த்தாமல். "தப்பா சொல்லிட்டேன், திருத்திக்கோங்க. என் ஓட்டு அண்ணனுக்கு இல்ல. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிட்டு வேலை பாத்தவ நான். ஸ்டாண்ட் வேணும்னு அவர்கிட்ட நேர்ல போய் நின்னேன். பாக்கலாம்மான்னார். இன்னும் பாத்துக்கிட்டே இருக்கார். குடும்பக் காரணம்னு சொல்லி வேலையை விட்டேன், அதுவும் பொய். அவரை எதிர்த்து நிக்கத்தான் விட்டேன். கடை எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். கரண்டைப் பிடுங்கறதுன்னா பிடுங்கட்டும்."

கடை என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வரிசை கலைந்தது. ஒருவருக்கு அவசர வேலை நினைவுக்கு வந்தது. இன்னொருவர் ஒரிஜினலைக்கூட வாங்காமல் போய்விட்டார். மருந்துக் கடைக்காரர் மட்டும் நின்றார். லைசென்ஸைப் புதுப்பிக்க நகல் எடுக்க வந்தவர். அந்த லைசென்ஸ் யார் தயவில் கிடைக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த நம்பரை எனக்கும் குடும்மா" என்றார். "போன வாரம் எனக்கும் வந்துச்சு. நானும் திருத்தணும்."

பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு வக்கீல் நின்றிருந்தார். அவர் கையில் போன் மறுபடியும் அடித்தது. திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"தலைமையில இருந்து. முடிவு என்னன்னு கேக்கத்தான் கூப்பிடறாங்க" என்றார். "வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறேன்க்கா." அவர் கால் சந்துப் பக்கமாகத் திரும்பியது.

"இங்கயே நின்னு பேசுங்க சார்" என்றேன். "வாய்விட்டுச் சொல்ற ஆளு வேணும்னு எங்களைக் கேட்டீங்க இல்ல? இப்ப நீங்க யாருக்குன்னு சொல்லுங்க. நாங்க கேக்கறோம்."