பிடிக்காத பூட்டு

எல்லாம் நான் சொல்லும் வரிசையில்தான் நடந்ததா என்று எனக்கே சந்தேகம். கூட்ட அறையில் நாலு பேர் இருந்தார்களா, ஐந்து பேரா என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் எங்கள் அணியின் மூத்த நிரலாளருக்கு வயிறு எரிந்தது மட்டும் நிச்சயம்.

எரிய வைத்தவன் அவர் மனைவியின் தம்பி. அவரே சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்தவன். பார்சல்களைப் படமெடுக்கும் இயந்திரத்தைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரல்தான் இருவருக்கும் பிழைப்பு. பழைய பகுதி அவர் எழுதியது. புதியது மச்சினன் எழுதியது. அணித்தலைவர் பதவி இருவரில் ஒருவருக்கு.

"தம்பிக்குத்தான் கிடைக்கும்போல," என்பாள் மனைவி, சோறு போடும்போது. அவர் தட்டைவிட்டு நிமிரமாட்டார்.

மச்சினனின் நிரலை வரிவரியாகத் துழாவியதில் ஒருநாள் அகப்பட்டது. படம் வந்து சேர்ந்த மெமரிப் பக்கத்தில், அதாவது கணினி நினைவகத்தின் ஒரு துண்டில், வேறு யாரும் எழுதாதபடி பூட்டச் சொல்லியிருந்தான். பூட்ட முடியாவிட்டால் அந்தக் கட்டளை ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தரும். அதை அவன் பார்க்கவே இல்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில், பெரிய திரையில் போட்டார்.

"ஏன் மாப்ளே, பூட்டுனா இழுத்துப் பாக்க மாட்டியா? வீட்டையும் இப்படித்தான் போட்டுட்டு வர்றியா?"

சிரிப்பு. மேலாளர்கூடச் சிரித்தார்.

"அட ஆமா மாமா. நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுது."

அன்றே சரிசெய்தான். பிழை எண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பூட்டு ஒருநாளும் விழுந்ததே இல்லை. பக்கத்தின் தொடக்க முகவரியைத் தவறாகக் கொடுத்திருந்தான். திருத்தியதும் பூட்டு விழுந்தது. சோதனையில் முதல் பார்சல் போனதுமே கணினி நின்றுவிட்டது.

பூட்டிய பக்கத்தில் யாரோ எழுத வந்திருக்கிறார்கள். எந்த வரி என்று திரை காட்டியது. அவருடைய வரி. தன் இடத்தின் எல்லையைத் தாண்டி எழுதும் பழைய தவறு. அதுதான் படங்களில் கறுப்புக் கோடாக வந்திருக்கிறது; லென்ஸ் அழுக்கு என்று நினைத்து, இத்தனை காலம் அதைத் துடைக்க ஒருவரை வைத்திருந்தார்கள்.

மச்சினன் ஒரு கேலி பேசியிருந்தால் தேவலை.

"பழைய கோடிங்தானே மாமா. எல்லாருக்கும் வர்றதுதான்," என்றான்.

அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

மச்சினன் அணித்தலைவன் ஆனான். லென்ஸ் துடைத்தவர் வேறு வேலைக்குப் போனார். மனைவி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவர், பிறர் நிரலில் தவறு தேடும் சோதனைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.