சிதம்பரநாதன் நீரோட்டம்

1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பகுதி முழுவதற்கும் ஒரேயொரு கடலாராய்ச்சியாளன்தான் இருந்தான். அது நான். போட்டிக்கு ஆளில்லாததால் அந்த இடத்தைப் பிடிக்க நான் அதிகம் கஷ்டப்படவில்லை.

கடலில் என் மொத்த அனுபவம் நாற்பது நிமிடம். கொழும்பில் இரண்டாம் வருடம் படிக்கும்போது பேராசிரியர் முத்துலிங்கம் எங்களைப் படகில் கூட்டிப் போனார். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்து முந்தின இரவுச் சாப்பாட்டையும் கொடுத்தேன். அவர் படகைத் திருப்பி என்னைக் கரையில் இறக்கிவிட்டு மற்றவர்களோடு திரும்பிப் போனார். கடல் உடனே அமைதியாகிவிட்டதாகப் பிறகு நண்பர்கள் சொன்னார்கள்.

விடுமுறைக்கு முன் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, கரையில் இருந்துகொண்டும் கடலைப் படிக்கலாம் என்று ஆறுதல் சொல்லி, எண் போட்ட இருபத்துநாலு போத்தல் கடல்நீரைத் தந்தார். ஒவ்வொன்றிலும் உப்பு எவ்வளவு என்று அளந்து வரவேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் சிறப்புப் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வார். இல்லையென்றால் இல்லை.

இல்லையென்றால் என்ன என்பது ஹட்டனில் ஏற்கெனவே தயாராக இருந்தது. பசாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அப்பா சுந்தரலிங்கம், கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஸ்டூல் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்.

"கடலு ஒன்னைய எடுத்துக்கிட்டா போ. வேணாங்கிச்சுன்னா இதுல ஒக்காரு" என்றார். அந்த ஸ்டூலில் அதுவரை பூனை உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் தெரிந்த சலிப்பே என்னை விஞ்ஞானத்தின் பக்கம் உறுதியாகத் தள்ளியது.

கடையின் பின்னறையில் ஆராய்ச்சி செய்ய முடியவில்லை. மிளகாய்த் தூளில் தும்மிக்கொண்டே துளிகளை எண்ணுவது சிரமம். அதனால் போத்தல்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்திலிருந்த ரத்னா அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். அங்கே ஒரு மூலை மேசை எனக்குக் கிடைத்தது. கூடவே, டிஸ்பென்சரி வேலையாள் மூக்கனும் கிடைத்தார். அவருக்கு ஐம்பது வயது. முதல் நாளே எனக்குக் கடல் தொரை என்று பெயர் வைத்துவிட்டார்.

அக்கா வீட்டிலிருந்து டிஸ்பென்சரிக்குத் தேயிலைக்குள் குறுக்குப் பாதை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் மனிதரை விட அட்டைகள் அதிகம்.

"தொரை, இப்பிடி வெறுங்காலோட வந்தீங்கன்னா கடலுக்குப் போக ஒங்ககிட்ட ரத்தமே மிஞ்சாதுங்க" என்று சொல்லி மூக்கன் ஒரு துணியில் உப்பு முடிச்சுக் கட்டிக் கொடுத்தார். ஈரத் துணியைக் காலில் தேய்த்துக்கொண்டே நடப்பேன். ஏறிய அட்டையை முடிச்சால் தொட்டால் சுருண்டு விழும். டிஸ்பென்சரியை அடைந்ததும் முடிச்சை ஆணியில் மாட்டிவிட்டு, நேரத்தை வீணாக்காமல் போத்தலைத் திறப்பேன். கண்ணாடிக் குழாயின் நுனியை விரலால் துடைத்து, நீரை எடுத்து, உப்பைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு போத்தல். அந்தக் கரைசல் பட்டு விரல்கள் கறுத்தன. கறுத்த விரல்களை நான் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டேன்.

சாதாரணக் கடலில் ஆயிரம் பங்கு நீருக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு இருக்கும். என் போத்தல்களில் முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, ஒருமுறை நாற்பத்தாறு என்று வந்தது. நடுவே சில போத்தல்களில் மட்டும் பழைய முப்பத்தைந்து. சாதாரண மாணவன் என்றால் சந்தேகப்பட்டிருப்பான். நான் கண்டுபிடித்துவிட்டேன். இலங்கைக்கு மேற்கே, இதுவரை எவர் கண்ணிலும் படாத ஓர் உப்பு நீரோட்டம் விட்டுவிட்டு ஓடுகிறது. அதற்குச் சிதம்பரநாதன் நீரோட்டம் என்று, அடக்கத்தின் காரணமாக, தலைப்பெழுத்தில்லாமல் என் பெயரையே வைத்தேன். ஒன்பதாம் நாளே பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதி உறையில் போட்டு முத்திரையும் ஒட்டினேன்.

தபாலுக்குப் போகுமுன் கட்டுரையை மூக்கனுக்கு வாசித்துக் காட்டினேன். தினமும் அன்றைய உப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருடைய பொழுதுபோக்கு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார்.

"கேளுங்க."

"நல்லா வெயிலடிச்ச அன்னைக்கு மட்டும் ஒங்க கடலு சப்புன்னு ஆயிருதே, அது ஏங்க?"

"அண்ணே, அக்கரப்பத்தனையில மழை பெய்யுறது அந்தக் கடலுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஆணியைப் பார்த்தேன். முடிச்சிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் நாளில் அட்டை இல்லை. அட்டை இல்லாத நாளில் நான் உப்பைத் தொடுவதில்லை. என் நீரோட்டம் அந்த ஆணியில் தொடங்கி என் விரல் வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

பதினெட்டுப் போத்தல் போயிற்று. ஆறு மிச்சம். முத்திரை ஒட்டிய உறை மேசையில் கிடந்தது. அதை அப்படியே அனுப்பினால் சிறப்புப் பட்டம் நிச்சயம் என்று தோன்றியது. உண்மையை எழுதினால் பூனையின் ஸ்டூல். உண்மையையே எழுதத் தீர்மானித்தேன். பேராசிரியரிடம் அதே நீர் இன்னொரு வரிசைப் போத்தல்களில் இருந்தது எனக்கு அந்தத் தீர்மானத்துக்குப் பிறகுதான் நினைவு வந்தது என்று எழுத ஆசை. உண்மையில் முதலில் நினைவு வந்தது அந்தப் போத்தல்கள்தான்.

ஆறு போத்தலையும், சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவி அளந்தேன். ஆறும் ஒழுங்காக முப்பத்தைந்தை ஒட்டியே வந்தன. மற்ற பதினெட்டின் கதையையும் மறைக்காமல் எழுதி அனுப்பிவிட்டு, ஹட்டனுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தராசை நிறுத்தினார்.

"உப்பு அள்ளுன கையோட சீனி மூட்டையத் தொடாதன்னு ஒனக்கு எந்த வயசுல சொன்னேன்?"

"அஞ்சு வயசுலங்கப்பா."

"அதுக்கு அப்பொறம் என்னதான்டா படிச்ச?"

பன்னிரண்டு நாள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பூனை கீழேயிருந்து பார்த்தது. பதின்மூன்றாம் நாள் பேராசிரியரின் கடிதம் வந்தது.

"பதினெட்டும் குப்பை. ஆறும் சரி. ஏன் குப்பை என்று சொன்ன முதல் மாணவர் நீர்தான். வாரும். சிறப்புப் பட்டத்தின் முதல் வருடம் முழுவதும் போத்தல் கழுவுவது உமது பொறுப்பு."

அப்பா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஸ்டூலை என்னிடமிருந்து வாங்கித் துடைத்துப் பூனையிடம் கொடுத்தார்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் மகன் கொழும்பில் என்ன செய்கிறான் என்று கேட்டால், "கடலாராய்ச்சி" என்கிறாராம். அதிலே என்ன வேலை என்று தோண்டிக் கேட்பவர்களிடம், சீனியை நிறுத்துக்கொண்டே, "போத்தல் கழுவுறான்" என்பாராம். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "சுத்தமாக் கழுவுறானாம்" என்றும் சேர்த்துக்கொள்வாராம்.