அசாஹெல் ப்ராட்டின் கை

1776ஆம் ஆண்டு மே மாத ஊர்க்கூட்டத்தில் அசாஹெல் ப்ராட் தூக்கிய வலது கை பதின்மூன்று ஆண்டுகள் இறங்கவில்லை. அந்த ஆண்டு அமெரிக்கக் குடியேற்ற ஊரான ஆல்டன்ஃபீல்டில் உப்புக்கும் தட்டுப்பாடு இருந்தது. இங்கிலாந்து அரசரை விட்டுப் பிரிய விரும்புவோர் கை தூக்கலாம் என்று கூட்டத் தலைவரும் தேவாலய மூப்பருமான டீக்கன் தேயர் சொன்னார். ஏறக்குறைய எல்லோரும் தூக்கினார்கள். எண்ணி முடித்து, முடிவை அறிவித்து, கைகளை இறக்கச் சொல்வது வழக்கம். அன்று அதற்குள் ஆரவாரம் எழுந்து கூட்டம் வாசலுக்கு ஓடியது, டீக்கனும் ஓடினார். மற்றவர்கள் தாங்களாகவே கையை இறக்கிக்கொண்டார்கள். அசாஹெல் முறை தவறாதவன், சொல்லாமல் இறக்க மாட்டான், அதனால்தான் கை நின்றுவிட்டது என்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. மறுநாள் டீக்கன் அவன் வீட்டுக்கே வந்து தீர்மானம் நிறைவேறியதாக உரக்க அறிவித்தும் கை அசையவில்லை. போர் முடிந்தால் இறங்கும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவன் மனைவி மெஹிட்டபெல் அவனுடைய சட்டைகளின் வலப்பக்கத் தையலைப் பிரித்துப் பொத்தான் வைத்தாள். அரிவாள் வீசிப் புல் அறுக்க இரண்டு கை வேண்டும், ஆகவே புல்வெளி அவள் பொறுப்பானது, விறகும் அப்படியே. மாலையில் நூல் சிட்டத்தை அவன் கையில் மாட்டி உருண்டையாகச் சுற்றுவாள். அந்தக் கையால் ஆன உபயோகம் அது ஒன்றுதான். படைக்குப் போனவனை, அவன் சரணடைவதாக எதிரிகள் நினைத்துக்கொள்கிறார்கள் என்று தளபதி திருப்பி அனுப்பிவிட்டார். கொல்லன் ஜோத்தம் பார்க்கும்போதெல்லாம், "ஏப்பா, மேல இருந்து இன்னும் பதில் வரலையா?" என்பான். முதல் சில ஆண்டுகள் அசாஹெல் ஏதாவது திருப்பிச் சொன்னான், பிறகு விட்டுவிட்டான். சமாதானச் செய்தி வந்து மணி அடித்தபோது மெஹிட்டபெல் மணிக்கூண்டைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். அரசாங்கம் என்று ஒன்று அமைந்தால் இறங்கிவிடும் என்றார் டீக்கன்.

அந்த அரசாங்கத்துக்கான சட்டம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தபோது அசாஹெலுக்கு அது பிடிக்கவில்லை. தூரத்தில் இருந்த ஓர் எசமானை விரட்டிவிட்டுத் தூரத்தில் இன்னோர் எசமானை வைப்பானேன் என்று கேட்டான். ஆனால் ஆதரவுக் கைகளோடு அவன் கையும் எண்ணப்பட்டது. ஆட்சேபித்தான். "எதிர்ப்புக்கும் உன் கை நின்னுச்சேப்பா. அதையும் எண்ணிட்டேன். சரியாப் போச்சு," என்றார் டீக்கன்.

1789 வசந்தத்தில், நியூயார்க்கில் புதிய அரசாங்கம் கூடியது, ஜனாதிபதி பதவியேற்றார் என்று செய்தி வந்தது. கை அப்படியே இருந்தது. அதற்குள் மெஹிட்டபெல்லின் முதுகு போய்விட்டிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. வெளியில் புல் வளர்ந்துகொண்டிருந்தது. அறுத்துக் காயவைக்காவிட்டால் குளிர்காலத்தில் மாடுகள் சாகும், பின்னால் அவர்களும்தான். ஒரு காலையில் சோளக்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"டீக்கன் ஐயாவ நம்பி என் முதுகு போனதுதாங்க மிச்சம். நானே கூட்டம் நடத்துறேன். இந்தக் கைய இறக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்க," என்று சொல்லித் தன் வலது கையைத் தூக்கினாள்.

"என் கை எதிர்ப்புக்கும் நிக்குமே," என்றான் அசாஹெல்.

"அது அதுக்கே கழிஞ்சு போச்சு. என்னுது ஒண்ணு மிஞ்சுதுல்ல? ஒரு ஓட்டுல தீர்மானம் நிறைவேறிடுச்சு. இறக்குங்க."

ஈர வைக்கோல் சரிவதுபோலக் கை மெல்லச் சரிந்து கூழ்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் கை இன்னும் மேலேயே இருந்தது.

அந்தக் கோடையில் புல்லை அவன் அறுத்தான். வலது கை மெலிந்துபோயிருந்ததால் அடிக்கடி உட்கார வேண்டியிருந்தது. அவளுடைய சட்டைக்கு அவனே பொத்தான் வைத்தான், கோணலாகத்தான் வந்தது. டீக்கன் வந்து பார்த்தார். பெண்களுக்கு ஊர்க்கூட்டத்தில் ஓட்டு இல்லை, அதனால் இதில் தான் அறிவிப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, ஆப்பிள் மது குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு எல்லாக் கூட்டங்களிலும் அவள் பின்சுவரோரம் கை தூக்கியபடி நின்றாள். எண்ணுபவரின் விரல் அவளிடம் வரும்போது சற்றுத் தயங்கி, அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மாலையில் அசாஹெல் நூல் சிட்டத்தை அவள் கையில் மாட்டிச் சுற்றுவான்.

"எவ்வளவு நாளாகும்னு நினைக்கிற?" என்று ஒருமுறை கேட்டான்.

"உங்களுக்கு ஆனதவிடக் கூடத்தான் ஆகும்," என்றாள் அவள். "நூலு சிக்காம சுத்துங்க."